அறுபத்தி நாலுல நிக்குது

...அதான் கேக்கறேன் தம்பி, புது சாமான்ல இப்படி ஒரு வம்பு உண்டா? பெட்டியப் பிரிச்சு ஒரு வாரம்கூட ஆகல. அதுக்குள்ள நாலு தடவ மயக்கம் போட்டு விழுந்திடுச்சு. மனுஷனா இருந்தா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகலாம். இத எங்க தூக்கறது? அதான் கம்ப்யூட்டர் கடைக்கு போன் போட்டு உங்கள வரவழைச்சேன். மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, புண்ணியமாப் போகும். அந்த நாற்காலில துணி கிடக்கு பாருங்க, தள்ளிட்டு உக்காருங்க. ஐயோ, பாத்து! ஊசி இருக்கும். தையக்காரி வீட்டுல தடவிப் பாத்துட்டுத்தான் உக்காரணும்.

இருங்க இருங்க, அந்த உறைய நான் கழட்டறேன். முடிச்சு பின்னால இருக்கு... ம், ஆச்சு. இப்ப போடுங்க. பென்டிரைவ் அதுலயே குத்திருக்கு. எத்தன சதவீதம்னு ஸ்க்ரீன்ல வரும், பாத்துக்கிட்டே இருங்க, அறுபத்தி நாலத் தாண்டறதுக்குள்ள தன் புத்தியக் காட்டிடும்.

மொதல்லருந்து சொல்றேன். எம்ப்ராய்டரி மிஷின் ஒண்ணு வாங்கினேன், அதோ மூலைல நிக்குதே, அதுதான். அதுக்கு டிசைன் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரையணுமாம். முப்பது வருஷம் கைலயே பூ போட்டு ஓட்டியாச்சு, இனிமே கண்ணு ஒத்துழைக்காது. எம் மாப்ள இருக்காரே, எம்பொண்ணு வீட்டுக்காரரு, "அத்தை, கடைல ரெடியா வாங்காதீங்க, நானே பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டித் தரேன்"னாரு. நல்ல மனுஷன்தான், நான் இல்லேங்கல. ரெண்டு நாள் இதே தரைல சப்பணம் போட்டு உக்காந்து மாட்டினாரு. எம்பொண்ணு பக்கத்துல உக்காந்து ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கறா. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல. அப்புறம் ரயிலுக்கு நேரமாயிடுச்சுன்னு கடைசி வேலைய மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போனாரு. அதான், கம்ப்யூட்டர் ஓடறதுக்கு இந்த ஓஎஸ் ஏத்தற வேலை. "பட்டன அமுக்குங்க அத்தை, அதுவா ஏறிக்கும். அரை மணி நேரம், நீங்க பாட்டுக்கு தையல் பாருங்க"ன்னாரு.

ஏறுச்சே! பத்து, இருபது, அம்பதுன்னு ஏறுச்சு. நானும் ஒரு கவுனுக்குக் கை வெச்சுட்டு நிமிர்ந்து பாக்கறேன், அறுபத்தி நாலு. பாத்துக்கிட்டே இருக்கேன், டப்! கருப்பு. மறுபடி போட்டா இங்கிலீஷ்ல ஏதோ ஒரு வரி வந்துச்சு. நான் கண்ணாடியத் தேடி எடுக்கறதுக்குள்ள ஓடிப்போச்சு. கண்ணாடி என் தலைமேலதான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

சரின்னு திரும்ப ஆரம்பிச்சேன். நாப்பத்தொண்ணு. டப்! விட்டேனா பாருன்னு உடனே மூணாவது தடவ. இருபத்தெட்டு! துவைக்கத் துவைக்க சுருங்கற துணி மாதிரி குறைஞ்சுக்கிட்டே வருது. என்ன தம்பி? ஆமா, நடுவுல நிறுத்தவே இல்ல, ஒண்ணு பின்னால ஒண்ணு. ஏன் கேக்கறீங்க? ...தலைய ஆட்டறீங்க, வாயத் திறக்க மாட்டேங்கறீங்க. டாக்டருங்களும் இப்படித்தான்.

கீழ்வீட்டுக்காரரு வந்து பாத்துட்டு, "மண்டைல ரெண்டு தட்டு தட்டுங்க"ன்னாரு. அவரு ரேடியோ காலத்து ஆளு. போன மாசம் கோட்டு தைச்சுக் குடுத்தேன், பட்டன் எட்டலேன்னு திருப்பிக் கொண்டு வராரு. அளவு எடுத்ததுக்கப்புறம் தொப்பை ரெண்டு அங்குலம் வளந்திருக்கு, பழி என் டேப்பு மேல! தன் தப்ப ஒத்துக்கற ஆளு இந்த உலகத்துல யாரு இருக்கா சொல்லுங்க. ...எங்க விட்டேன்? ஆங், மாப்ள.

மாப்ளைக்கு போன் போட்டேன். ஆபீஸ்ல இருந்துக்கிட்டே பொறுமையாத்தான் சொன்னாரு. பென்டிரைவ வேற ஓட்டைல குத்துங்கன்னாரு, குத்தினேன். பெட்டியத் திறந்து மெமரியக் கழட்டி மாட்டுங்கன்னாரு. சீப்பு மாதிரி ஒரு பட்டை. இந்தக் கை எத்தன லட்சம் ஊக்கு மாட்டிருக்கும், இது என்ன பிரமாதம்? மாட்டினேன். "காத்தோட்டமா வெச்சிருக்கீங்களா அத்தை"ன்னுகூட கேட்டாரு. "ஜன்னலோரம் மாப்ள, எனக்கே ஜிலுஜிலுன்னு இருக்கு"ன்னேன். எல்லாம் மூடி மறுபடி ஆரம்பிச்சா, கொஞ்சம் தேறி நாப்பத்தஞ்சு வரைக்கும் போச்சு. அப்புறம் அதே டப்.

எனக்கு வந்துச்சே கோவம்! என் வாய் இருக்கே தம்பி, அதுக்குப் பூட்டே கிடையாது. "ஏன் மாப்ள, நல்ல சாமானா பாத்து வாங்கலையா, யாராவது கழிச்சுப் போட்டதப் பொறுக்கிட்டு வந்தீங்களா"ன்னுட்டேன். அதோட விட்டிருக்கலாம். "எதையும் பாதில விட்டுட்டுப் போறதுதான் உங்க வழக்கமா, நாளைக்கு எம்பொண்ணையும் இப்படித்தான் விடுவீங்களா"ன்னு... ம். கேட்டுட்டேன். "வைக்கறேன் அத்தை"ன்னாரு, அவ்ளோதான். நாலு நாளாச்சு. எம்பொண்ணு தினம் காலைல போன் பண்ணுவா, சும்மா, என்ன சமையல்னு கேக்க. அதுவும் நின்னுபோச்சு. நான் போட்டாலும் எடுக்கல. அவளுக்கு என் வாய் புதுசா? பொறந்ததுலருந்து கேட்டவ. அவளுக்கே எடுக்க மனசு வரலேன்னா, அவரு எவ்ளோ நொந்துபோயிருக்கணும்?

அதனால உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எந்த பார்ட் கெட்டிருக்கோ அதக் கழட்டி என் கைல குடுத்துடுங்க. படம் புடிச்சு மாப்ளைக்கு அனுப்பிடறேன், "இதப் பாருங்க, கோளாறு இங்க இருக்கு"ன்னு. சாமான் கெட்டதுன்னு ஆயிட்டா, நான் பேசினதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல? இருக்கா இல்லையா?

எவ்ளோ வந்திருக்கு? அறுபதா? வாங்க, கிட்ட வந்து பாருங்க. அறுபத்தி மூணு... அறுபத்தி நாலு... இப்ப பாருங்க, டப்புன்னு... டப்புன்னு... அறுபத்தி ஏழு. என்ன தம்பி இது? எழுபத்திரண்டு! டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி! நீங்க என்ன பண்ணீங்க? ஒண்ணும் பண்ணலையா? என் புலம்பலக் கேட்டுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருந்தீங்களா?

இன்னைக்கு என்ன வித்தியாசமா? ஒண்ணுமில்லையே. அதே மேசை, அதே ஜன்னல், அதே பென்டிரைவ்... எது? இதுவா? ஐய, இது உறை தம்பி. எங்க பாத்தாலும் நூல் தூசி, பஞ்சுத் தூசி, புது சாமான் பாழாயிடுமேன்னு மாப்ள ரயிலேறின அன்னைக்கே அளவெடுத்து தைச்சேன். குளிருக்குப் போடற கோட்டுல வெப்பாங்களே பஞ்சு, அது ரெண்டு அடுக்கு. உள்ள லைனிங். தூசி நுழையாம ஓரமெல்லாம் எலாஸ்டிக். பட்டன அமுக்க மட்டும் ஒரு காஜா எடுத்திருக்கேன், பாருங்க எவ்ளோ நறுவிசா இருக்கு. பின்னால சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, தூசி அங்கதானே போகும்னு அந்த இடத்துக்கு மட்டும் மூணு மடிப்பு... ஆமா, ஓடும்போதும் போட்டுத்தான் வெச்சிருந்தேன். நாலு தடவையும். பின்ன, ஓடும்போது தூசி லீவு போட்டுடுமா?

என்ன தம்பி, கண்ண மூடிக்கிட்டீங்க?

கையவா? பின்னாலயா? ...வெக்கறேன். அடடா, அனலா அடிக்குதே! உள்ள விசிறி ஓடுதா? சூடு வெளிய போறதுக்குத்தான் அந்த ஓட்டையா? அது போக வழியில்லேன்னா தானே அணைஞ்சுக்குமா? அப்ப நான்... மூணு மடிப்பு வெச்சு... ஐயய்யோ. கோடைல கம்பளியப் போத்தி மூச்சு முட்ட வெச்சிருக்கேனே.

நூறு. வந்திடுச்சு.

தம்பி... ஒரே ஒரு உதவி. பென்டிரைவ்லதான் ஏதோ கோளாறுன்னு மாப்ளகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்களேன். பென்டிரைவுக்கு என்ன மானமா, ரோஷமா? ...ஏன் பைய மூடறீங்க? ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டு... சரி, சரி. அந்த ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு, பாத்து எறங்குங்க! சிரிக்காதீங்க, இங்க வரைக்கும் கேக்குது!

போயிட்டாரு. எங்க அந்த போனு...

ஹலோ? மாப்ள? எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். ...ஏறிடுச்சு மாப்ள. நூறும் ஏறிடுச்சு. சாமான்ல ஒரு குறையும் இல்ல, எல்லாம் நல்ல சாமான்தான். தப்பு எம்மேல. உறை தைச்சுப் போட்டிருந்தேன். ...பஞ்சு வெச்சுத்தான். ...ஆமா, பின்னாலயும். சிரிங்க, சிரிங்க, கடைக்காரத் தம்பியும் சிரிச்சுட்டுத்தான் போனாரு.

இல்ல, இருங்க, அவகிட்ட குடுக்காதீங்க. அவகிட்ட அப்புறம் பேசிக்கறேன். இது உங்ககிட்ட சொல்ல வேண்டியது. கம்ப்யூட்டர விடுங்க... அன்னைக்குக் கடைசியா ஒண்ணு கேட்டேனே. சாமான் நெசமாவே கெட்டிருந்தாலும் அத நான் கேட்டிருக்கக் கூடாது மாப்ள.