மூன்றாவது அடி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை முதல் தாளில் உள்ளன, அவை சரி. வயது நாற்பத்து நான்கு. ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. தங்கை, தங்கை கணவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன். வருடா வருடம் லீவு போட்டுவிட்டுத் தனியாக சைக்கிளில் நெடுந்தூரம் போய் வருவது என் வழக்கம். இந்த வருடம் கடற்கரை வரை போவதாக இருந்தேன். கிளம்பும்போது தங்கை, "வீட்டுல ஃபேனும் கட்டிலும் இருக்கறப்ப ரோட்டுல போய் வேகணும்னு உனக்கு என்னக்கா தலையெழுத்து" என்று எப்போதும் போல் கேட்டாள். எனக்கு யாருடனும் முன்விரோதம் கிடையாது. இதில் சம்பந்தப்பட்ட இருவரையும் அன்றைக்கு முன் நான் பார்த்ததில்லை.

சம்பவ தினத்தன்று காலை, தங்கியிருந்த லாட்ஜைக் காலி செய்துவிட்டு, சைக்கிளின் பின்பக்கம் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு மலைச்சாலையில் ஏறினேன். ஏற்றத்தில் நடக்கிற வேகத்தில்தான் போக முடிந்தது. சாலையின் ஓரக் கோட்டுக்கு வெளியேதான் ஓட்டினேன். அப்போது பின்னாலிருந்து கோழிக்கூடுகள் ஏற்றிய ஒரு சின்ன சரக்கு வண்டி என்னை உரசுகிற மாதிரி வந்தது. வந்ததும் அதன் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு என் தோளைப் பிடித்துத் தள்ளியது. நான் சரளைக்கல்லில் விழுந்து உருண்டேன். வண்டிக்குள் சிரித்தார்கள். "பாத்துப் போங்க ஆன்ட்டி" என்று ஒரு குரல் கேட்டது. வண்டி நிற்காமல் போய்விட்டது, கோழி இறகுகள் மட்டும் என் மேல் வந்து விழுந்தன.

அதன் பிறகு எழுந்து பார்த்தேன். முழங்காலில் தோல் உரிந்து கல் புதைந்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. கோணியிருந்த ஹேண்டிலை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து நிமிர்த்திவிட்டு, திரும்பவும் ஏறி மிதித்தேன்.

மேட்டு உச்சியில் ஒரு டீக்கடை உள்ளது. அதன் வாசலில் அதே வண்டி நின்றது. பெஞ்சில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வண்டியின் டிரைவர், வாட்டசாட்டமானவர். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி என்று பிறகு தெரிந்தது. கடையில் ஒரு அம்மா மட்டும் இருந்தார். நான் சைக்கிளைக் கடைத் தூணில் சாய்த்துவிட்டு, "யாரு என்னைத் தள்ளினது?" என்று கேட்டேன்.

"காத்து தள்ளியிருக்கும்" என்றார் டிரைவர். மைத்துனர் தலை குனிந்துகொண்டார்.

நான் வண்டிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த சாவியை உருவி என் இடுப்புப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன். கடைக்காரம்மாவிடம் போலீசுக்குப் போன் பண்ணச் சொன்னேன். அவர் போனைக் கையில் எடுத்தார், ஆனால் டிரைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"விளையாட்டுக்குப் பண்ணதும்மா. சாவியக் குடு, கோழி செத்துரும்" என்றார் டிரைவர்.

"போலீஸ் வரட்டும், குடுக்கறேன்" என்றேன்.

மைத்துனர் எழுந்து வந்து மெதுவாக, "குடுத்துருங்கக்கா, மாமா கோவக்காரரு" என்றார். அவர் கெஞ்சும்போது கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு டிரைவர் என் சைக்கிளை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கித் தூணில் ஓங்கி அடித்தார். கீழே போட்டு முன்சக்கரத்தின் மேல் ஏறி மிதித்தார். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. நான் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பி என் வாயில் குத்தினார், ஒரு பல் விழுந்தது. பிறகு என் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார், மணிக்கட்டு ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. மைத்துனர், "மாமா, விடுங்க மாமா" என்று குறுக்கே வந்தார். அவரையும் அறைந்தார். அதன் பிறகு மைத்துனர், யாரையாவது கூட்டி வருவதாகச் சொல்லிக்கொண்டு சாலையில் கீழ்நோக்கி ஓடினார். கடைக்காரம்மா ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டிரைவர் என் தலைமுடியைப் பிடித்து வண்டிக்குப் பின்புறம் இழுத்துப்போய்த் தள்ளி, விலாவில் உதைத்தார். பிறகு என் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் கழுத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் இடுப்புப் பையைப் பிடுங்கப் பார்த்தார். அவர் வாயில் டீயோடு தின்ற பன்னின் வாசனை வந்தது. மூச்சு நின்று கண் இருட்டியது. இடது கையால் தரையைத் துழாவினேன். சைக்கிளிலிருந்து கழன்று அங்கே தெறித்திருந்த பூட்டு கையில் பட்டது. அது லாடம் மாதிரி வளைந்த கனமான இரும்புப் பூட்டு.

அதைக் கொண்டு அவர் நெற்றிப்பொட்டில் அடித்தேன். அவர் என் மேலிருந்து சரிந்தார். இது முதல் அடி. நான் தவழ்ந்து விலகும்போது என் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். திரும்பித் தாடையில் அடித்தேன். பிடியை விட்டுவிட்டார். இது இரண்டாவது.

அதன் பிறகு நான் எழுந்து நின்றேன். அவர் ஒரு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. என் பக்கம் வரவில்லை. தரையைப் பார்த்தபடி, "போதும்க்கா" என்றார். நான் அவர் பின்னந்தலையில் அடித்தேன். இது மூன்றாவது அடி.

அப்போது அங்கே வேறு யாரும் இல்லை. கூடுகளுக்குள் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

அதன் பிறகு ஷட்டர் திறந்தது. கடைக்காரம்மா என் சட்டையைத் துடைக்க ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்தார். "வெந்நீர் வேணாம்மா, ரத்தம் துணியில பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணி குடுங்க" என்றேன். அதை ஏன் அந்த நேரத்தில் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் யாரும் கிடைக்காமல் மைத்துனர் திரும்பி வந்தார். சாவியை அவரிடம் கொடுத்தேன். கூடுகளை இறக்கிவிட்டு மூவருமாக டிரைவரைத் தூக்கி வண்டியின் பின்னால் கிடத்தினோம். மைத்துனர் ஓட்டினார். வளைவுகளில் தலை அடிபடாமல் இருக்க, நான் பின்னால் உட்கார்ந்து அதை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க அவருக்கு மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு டிரைவரின் மனைவி ஓடி வந்தார். என் மடியெல்லாம் ரத்தமாக இருப்பதைப் பார்த்து, "நீங்கதான் கொண்டாந்து சேத்தீங்களாக்கா?" என்று கேட்டு, என் இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆமாம் என்றேன். அடித்ததும் நான்தான் என்று சொல்லவில்லை. அவர் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மறுநாள் தங்கை வந்தாள். "உயிருக்குப் போராடறப்ப அடிச்சேன்னு மட்டும் சொல்லுக்கா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே. பாத்தவங்க யாரு இருக்கா" என்றாள். அவள் என் தலையை வாரிப் பின்னிவிட்டாள், முடி பிய்ந்துபோன இடத்தில் சீப்புப் படாமல்.

இதுவரை எழுதிய பிறகு, டிரைவர் இன்று மதியம் இறந்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் எனக்குத் தெரிவித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த மனுஷன் போதும்னு சொன்னது உங்களத் தவிர வேற யாருக்கும் கேக்கலியேம்மா. அந்த வரி அவசியமா?" என்று கேட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். முதல் இரண்டு அடிகளும் நான் பிழைப்பதற்காக அடித்தவை. மூன்றாவது அப்படி இல்லை. அந்த வரி இருக்கட்டும் என்று சொன்னேன்.

எழுதியதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் உண்மை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.