தேர்வு முடியட்டும்

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆங்கிலத் தேர்வை வைத்தவர் யாராக இருந்தாலும், அவர் ஒருநாள்கூட வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியிருக்க மாட்டார். சோறு வயிற்றில் இறங்கிக் கண் சொருகுகிற நேரம் அது. சரியாக ஒன்று பத்துக்கு ஒலிபெருக்கியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தொலைந்துபோன குடையைப் பற்றி ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பார்கள். இருபத்தைந்து நிமிடம், பதினேழு கேள்வி, பெரும்பாலும் ஒரே தடவைதான் சொல்வார்கள். அதற்கப்புறம் வாசிப்புக் கேள்விகள் இருபத்தெட்டு. இந்த நாற்பத்தைந்து கேள்விகளுக்காகத்தான் முப்பத்தொரு வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

விசாரணை அதிகாரி நீங்கள், ஓக் டீச்சர் விஷயமாகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும் ஐயா. எங்கள் பள்ளியின் சுகாதார ஆசிரியை. மாணவி தோ யேரினின் செவிச் சோதனைச் சீட்டை அவர் என்னிடம் கொடுத்தாரா, கொடுக்காமல் விட்டாரா என்பதுதானே உங்கள் கேள்வி? சொல்கிறேன். நான் எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன். குறுக்கே கேட்காமல் எழுதிக்கொண்டால் உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

எங்கள் கூன்சான் ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. போர் விமானம் ஒன்று தலைக்கு மேலே போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அந்த நேரம் நான் வாயைத் திறந்தபடி நிற்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். போன வருஷம் ஏப்ரலில் வகுப்பில் ஒரு கேட்டல் பயிற்சித் தேர்வு வைத்தேன். எட்டாவது கேள்வி ஓடும்போது இரண்டு விமானங்கள் கிறீச்சிட்டுக்கொண்டு அடுத்தடுத்துப் போயின. இருபத்தேழு பேரில் இருபத்தாறு தலை நிமிர்ந்தது. சிலர் காதைப் பொத்தினார்கள். ஒருத்தி மெல்லக் கெட்ட வார்த்தை சொன்னாள், நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். யேரின் மட்டும் நிமிரவில்லை. ஒன்பதாவது கேள்விக்குத் தாளில் கொடுத்திருந்த ஐந்து விடைகளை விரலால் தடவி வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாசிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேட்டலில் மட்டும் ஆறு மாதமாக மதிப்பெண் சரிந்துகொண்டே வந்தது. தப்புகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஆண் குரல் பேசிய இடங்கள் சரியாக இருந்தன. பெண் குரல் மட்டும் தனியாக வரும் இடங்களில் எல்லாம் விழுந்திருக்கிறாள். கீச்சுச் சத்தம் முதலில் போகும், கனத்த சத்தம் பிறகு போகும். இது எனக்கு டாக்டர் யாரும் சொல்லித் தெரியவில்லை. விடைத்தாளே சொன்னது.

பத்து நாளில் பள்ளியில் உடல் பரிசோதனை நடந்தது. ஓக் டீச்சர் ஆசிரியர் அறைக்கே வந்து சீட்டை என் கையில் கொடுத்தார். ஆமாம், கையில்தான் கொடுத்தார்.

"சார், இத இன்னைக்கே அவங்க அம்மாகிட்ட சேத்துடுங்க. வலது காது ரொம்ப மோசம், இடதும் போய்க்கிட்டிருக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள காது டாக்டர்கிட்ட காட்டியாகணும்" என்றார்.

சரிம்மா என்றேன். மே மாதம் ஒருநாள் வராந்தாவில் நிறுத்தி, ஆச்சா சார் என்று கேட்டார். ஆச்சு என்றேன். அவருக்கு வயது இருபத்தொன்பது, ஒப்பந்த வேலை. என்னை மாதிரி மூத்தவனிடம் கையெழுத்துக் கேட்கிற பழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை. கேட்டிருந்தால் அவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது.

சீட்டை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஐயா, உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் என்ன பேசுவோம், எதைப் பேசாமல் விடுவோம் என்பது உங்களுக்கே தெரியும். கடன்காரன் வந்தாலும் தேர்வு முடியட்டும் என்போம். புருஷனும் பெண்டாட்டியும் பிரிவதாக இருந்தாலும் நவம்பர் தேர்வு தாண்டட்டும் என்று ஒரே வீட்டில் இருந்து சோறு தின்போம். தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தாலும், நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார் என்போம்.

எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். நான் கடைசி வருஷம் படிக்கும்போது அப்பா போன படகு திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. நான் டவுனில் வாடகை அறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. மூத்த பிள்ளை நான், நான் இல்லாமலே காரியத்தை முடித்துவிட்டார்கள். தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் சித்தப்பா வாசலில் நின்று, உள்ள வா, அப்பா இல்லப்பா என்றார். அம்மா வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாருக்கும் குனிந்து நன்றி சொன்னேன். அந்த நன்றியை நான் மனதாரத்தான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். விசாரித்தேன். சியோலில் என்னோடு படித்த ஒருவன் காது டாக்டராக இருக்கிறான். அண்ணன் மகளுக்கு என்று பொய் சொல்லிக் கேட்டேன். காதின் உள்ளே உடம்பே தன்னைத் தின்கிற வியாதியாக இருக்கலாம், உடனே சேர்த்து மருந்து ஏற்றினால் இருக்கிறதைக் காப்பாற்றிவிடலாம், ஒரு மாதமாவது ஆஸ்பத்திரி, அப்புறம் மூன்று நான்கு மாதம் மாத்திரை, முகம் ஊதும், தூக்கம் வராது என்றான்.

"கொஞ்சம் தள்ளிப்போட்டா?" என்று கேட்டேன்.

"தள்ளிப்போட்டா போனது போனதுதான்டா. திரும்பி வராது" என்றான்.

இதை நான் மே இரண்டாம் தேதி கேட்டேன். தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரி, நான்கு மாதம் மாத்திரை. கூட்டிப் பார்த்தால் அக்டோபர் வந்துவிடும். தேர்வு நவம்பரில். கிம்பாப் சோற்றுருளை உருட்டி விற்றுப் பிழைக்கிற ஒரு விதவையின் மகள், வாசிக்கிற திறமையாலேயே எங்கள் ஊரிலிருந்து சியோலின் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடிய ஒரே பிள்ளை, அவளுடைய வருஷத்தை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட எனக்கு மனம் வரவில்லை. சீட்டை மடித்து மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மதிய இடைவேளை முழுவதும் அவளோடுதான் உட்கார்ந்தேன். கேட்டல் தாளில் பாதி, கேட்பதே இல்லை ஐயா, வாசிப்பதுதான். ஒலி வருவதற்கு முன்பே விடைகள் அச்சில் கண்ணெதிரே கிடக்கின்றன. விலை கேட்கும் கேள்வியில் கூட்டிய தொகை ஒருபோதும் விடை கிடையாது, கடைசியில் ஒரு தள்ளுபடிச் சீட்டை நீட்டுவார்கள், பத்து சதவீதம் கழி. எதைப் பற்றிப் பேசவில்லை என்ற கேள்வியில் ஐந்து விடைகளும் பேசிய வரிசையில்தான் இருக்கும். படத்தில் பொருந்தாத பொருளை ஒலி இல்லாமலே பாதி ஊகிக்கலாம். பேசுகிறவன் எப்போதும் நல்லவன், உதவி கேட்டால் மறுக்க மாட்டான், மறுத்தால் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறான். முப்பத்தொரு வருஷத்துத் தேர்வுகளையும் பிரித்துப் போட்டு அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரே தடவை என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் பிள்ளைகள், சொன்னதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன் என்பதால். யேரினுக்கு மட்டும் மூன்று தடவை, நான்கு தடவை சொன்னேன், அதுவும் அவள் என் உதட்டைப் பார்க்கும்படி நின்று. வகுப்பில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

ஜூனில் பெற்றோர் சந்திப்புக்கு அவள் அம்மா வந்தார். கையில் எண்ணெய் வாடை போகவில்லை என்று கூச்சத்தோடு கைகளை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சையை டிசம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறார், மகளுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"சார், கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா. டிவிய அலற விடறா. முந்தாநாள் முதுகுல தொட்டதுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு அவளுக்கு. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

சீட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இழுப்பறையில் இருந்தது.

"கடைசி வருஷம்மா. படிப்புல மூழ்கின பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். டாக்டர்கிட்ட போனா பயந்துக்குவா. தேர்வு முடியட்டும்" என்றேன்.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும் என்று சொல்லி, கொண்டுவந்த கிம்பாப் பொட்டலத்தை மேஜையில் வைத்து, இரண்டு தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. நான் அதைச் சாப்பிட்டேன். 

ஜூலையில் அவளே வந்தாள். எல்லாரும் போன பிறகு கதவருகே நின்றாள்.

"சார், எனக்குக் காது போயிட்டிருக்கோன்னு பயமா இருக்கு. மழை பெஞ்சது தெரியல சார், ஜன்னல்ல பாத்துத்தான் தெரிஞ்சுது."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பெற்ற பிள்ளை கிடையாது, எனக்குப் பிள்ளையே கிடையாது. ஆனால் அந்த நேரம் அவள் தலையில் கை வைத்துத் தேற்ற வேண்டும் போல இருந்தது. வைக்கவில்லை. எதிரே நின்று, உதட்டை நன்றாக அசைத்து, இது பதற்றம், நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது, நானே பார்த்திருக்கிறேன், நவம்பரில் தானாகப் போய்விடும் என்று சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள் ஐயா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் மறைத்தேன் என்பீர்கள். காது கேளாத பிள்ளைகளுக்குக் கேட்டல் பகுதியை எழுத்தில் கொடுக்க அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் டாக்டர் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கையை ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டியதே நான்தான். ஆனால் சான்றிதழ் என்றால் டாக்டர், டாக்டர் என்றால் ஏப்ரல் மாதத்துச் சீட்டு வெளியே வந்துவிடும். அதுவுமில்லாமல், அவ்வளவு பாடுபட்டுக் கற்ற பிள்ளை எழுத்துத் தாளில் எழுதிவிட்டால் நான் கற்றுக்கொடுத்தது எதற்கு என்றும் ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நவம்பரில் தேர்வு நாளன்று அவள் எழுதிய பள்ளிக்கு வெளியே தெருமுனையில் நின்றேன். ஒன்று பத்துக்கு நாடே வாயை மூடிக்கொண்டது. தளத்தில் போர் விமானங்கள் ஓடுபாதையில் நின்றன, பயணி விமானங்கள் வானத்தில் வட்டமடித்தன, பேருந்து ஓட்டுநர்கள் ஹார்ன் அடிக்கவில்லை. மீன் வண்டிக்காரன்கூட இன்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நின்றான். பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டும் என்று அத்தனை பேரும் அடங்கி நின்ற அந்த இருபத்தைந்து நிமிடமும் உள்ளே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். சத்தம் வராமல் இருக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கேட்டலில் பதினேழுக்குப் பதினான்கு எடுத்தாள். வாசிப்பில் ஒன்றுகூடத் தப்பில்லை. முதல் தரம். பள்ளி வாசலில் அவள் பெயரைப் போட்டுத் துணிப் பதாகை கட்டினார்கள்.

டிசம்பரில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில், ஏன் இத்தனை நாள் விட்டீர்கள், பள்ளிப் பரிசோதனையில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா நேராக ஓக் டீச்சரிடம் போனார். ஓக் டீச்சர் என்னைக் கைகாட்டினார். தலைமை ஆசிரியர் முன்னால் நான், எனக்கு எந்தச் சீட்டும் வரவில்லை என்றேன். ஓக் டீச்சர் அழுதுகொண்டே வெளியே போனார். பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் யேரின் வந்தாள். இப்போது அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. தன் குரலே தெரியாததால் கொஞ்சம் உரக்கப் பேசினாள், மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏப்ரல்லயே உங்களுக்குத் தெரியுமா சார்? நீங்க என்ன சொன்னாலும் நம்புறேன். எழுதிக் காட்டுங்க."

ஒரு தாளும் பேனாவும் நீட்டினாள். தெரியாது என்று எழுதினேன். அவள் அதை வாசித்தாள். வாசிப்பில் கெட்டிக்காரி என்று சொன்னேனே, அந்த ஒரு சொல்லை வெகுநேரம் வாசித்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா பேசறப்போ வாயி அசையறது தெரியுது சார். குரல் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கப் பாக்குறேன், தினம் கொஞ்சம் போயிடுது."

அவள் போன பிறகு என்னால் பாடம் நடத்த முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன். ஓக் டீச்சர் சீட்டைக் கொடுத்தார், நான் வாங்கினேன், அதில் எழுதியிருந்தது எனக்குப் புரிந்தது, காது போகும் என்று தெரிந்தே எட்டு மாதம் பூட்டி வைத்தேன். சீட்டு இதோ. மடிப்புகூடக் கலையவில்லை. ஓக் டீச்சருக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள், என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.

யேரினுக்குச் சியோலில் இடம் கிடைத்தது. சிகிச்சைக்காக இந்த வருஷம் விடுப்பு எடுத்திருக்கிறாளாம், அது வேறு விஷயம். ஏப்ரலிலேயே அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. நானும் தூங்காமல் அதைத்தான் யோசிக்கிறேன். கொடுத்திருந்தால் அவளுக்கு ஒரு வருஷம் வீணாகப் போயிருக்கும் ஐயா. அந்த வயதில் ஒரு வருஷம் போனால் திரும்பி வருமா?