மிச்சம் பூஜ்யம்

சாப்பிட்ட தட்டை அப்போதே கழுவிக் கவிழ்த்துவிடுவது என் வழக்கம். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று சிலர் விட்டுவைப்பார்கள். எனக்கு அது ஆகாது. அலுவலகத்தில் எனக்குத் ‘துடைப்பம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் தேநீர் நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது காதில் விழத்தானே செய்யும். நான் கோபித்துக்கொண்டதில்லை. துடைப்பம் இல்லாத வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னீர்கள். பேனாவும் ஒரு கட்டுத் தாளும் கொடுத்துவிட்டு, விசாரணைக் குழுவினர் ஐந்து பேரும் பக்கத்து அறைக்குப் போய்விட்டீர்கள். மணி இரண்டரை. அவசரமில்லை, எழுதுகிறேன்.

இந்த மருத்துவமனையின் படக் காப்பறை என் பொறுப்பு. ஸ்கேன் எடுப்பவர்கள் எடுக்கிறார்கள், டாக்டர்கள் பார்க்கிறார்கள், அதற்கப்புறம் அந்தப் படங்கள் என்னிடம் வருகின்றன. ஒரு ஆளின் நெஞ்சை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் அறுநூறு எழுநூறு படம். இடத்தை அடைக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சூப்பிரண்டு சார் ‘மிச்சமில்லா மருத்துவமனை’ என்றொரு திட்டம் கொண்டுவந்தார். ரிப்பன் வெட்டினார்கள். வெட்டிய ரிப்பனைக்கூட அவர் உடனே எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னார், அந்த அளவுக்குக் கொள்கைப் பிடிப்பு. ஒரு வருஷம் தாண்டிய படங்களையெல்லாம் சுருக்கி ஜிப்பாகக் கட்டி, திட்டத்துக்கென்று வாங்கிய புது டிஸ்க்கில் போட வேண்டும். அசல் கோப்புகள் எதுவும் மிஞ்சக் கூடாது.

நோயாளிகளுக்குக் கையில் சிடி தருவதையும் நிறுத்திவிட்டோம். வீட்டில் வைத்திருக்கும் பழைய சிடிக்களையும் ஒப்படைக்கலாம் என்று அறிவிப்புப் பலகை வைத்தோம். என் அக்கா மட்டும் ஒப்படைக்க மாட்டேன் என்றாள். அவள் தையல்காரி. வெட்டிய துணியில் விரலகலத் துண்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள், மூட்டை மூட்டையாகக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பாள்.

“இருக்கட்டும்டா தம்பி, அது என்ன சோறா கேக்குது?”

“உன் வீட்டைவிட எங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்க்கா. நானே பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக்கறதுன்னா சரி,” என்று எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலையே அதை நொறுக்கும் எந்திரத்தில் போட்டேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஜிப் கட்டும் மென்பொருளில் மூன்று சின்னக் கட்டங்கள் உண்டு. சுருக்கியதும் அசலை அழிக்கவா என்பது ஒன்று. அழிக்கும் முன் ஜிப் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவா என்பது இரண்டாவது. ஜிப்பைத் திரும்ப விரித்ததும் அந்த ஜிப்பையும் அழிக்கவா என்பது மூன்றாவது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் டிக் போட்டேன். இரண்டாவதை எடுத்துவிட்டேன். சோதித்தால் நேரம் இரட்டிப்பாகிறது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வேலை தானாகத் தொடங்கும்; ஐந்து மணிக்கு சூப்பிரண்டு சார் கூப்பிடுவார்.

“எவ்வளவுய்யா மிச்சம்?”

“பூஜ்யம் சார்.”

“இதுதான்யா நிர்வாகம்.”

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஏழாவது மாதம் ஒரு டாக்டர், ஓட்டுநர் ஒருவருடைய பழைய படத்தைக் கேட்டுச் சீட்டு அனுப்பினார். நுரையீரலில் ஒரு புள்ளி. பழைய படத்தில் அது எவ்வளவு இருந்தது, இப்போது வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வளராவிட்டால் பயமில்லை, வளர்ந்திருந்தால் உடனே வைத்தியம். ஜிப்பைத் திறந்தேன். பழுது என்றது. வேறு பத்து ஜிப்பைத் திறந்து பார்த்தேன். ஏழு பழுது. டிஸ்க்கில் கோளாறு. டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தவர் சூப்பிரண்டு சார். அதன் அட்டைப்பெட்டியோடு அவர் நிற்கும் படம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

அன்றைக்கே அந்த முதல் டிக்கை எடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். எடுத்திருக்கலாம். எடுத்தால் அசல்கள் மிஞ்சும். மிஞ்சினால் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த வாரம் இந்தத் திட்டத்துக்காக எங்களுக்கு ஷீல்டு தருவதாக இருந்தது. அது தவிர, நான் எதையும் அழிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அது தானாக நடப்பது.

ஆனால் ஓட்டுநர் வெளியே காத்திருந்தார். இல்லை என்று சொல்லி ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் அன்று காலை அவருக்கு எடுத்த புதுப் படத்தையே ஒரு நகல் எடுத்து, அதன் தேதியை இரண்டு வருஷம் பின்னுக்குத் தள்ளி, வயதிலும் இரண்டைக் குறைத்து, பழைய படம் என்று டாக்டருக்கு அனுப்பினேன். கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினேன். இரண்டையும் அச்சடித்தாற்போல ஒன்றுபோல விட்டுவைப்பது மரியாதையாக இருக்காது.

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. ஓட்டுநர் போகிற போக்கில் என் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “நல்லாருப்பீங்க சார்,” என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மொத்தம் நாற்பத்தொரு பேர். எல்லாரும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஏழு பேருடைய பெயர்கள் பிற்பாடு கீழ்த்தளக் குளிர் அறையின் பதிவேட்டில் வந்தன. ஓட்டுநருடையது மூன்றாவது. அவர்களுடைய கோப்புகளை மூடிவைப்பதும் என் வேலைதான். ஒன்றையும் நிலுவையில் வைக்கவில்லை.

அக்கா இருபத்தாறாவது. எட்டு மாதத்துக்கு முன் வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது நுரையீரலின் அடியில் ஒரு புள்ளி பார்த்திருந்தார்கள். இப்போது புதிதாக ஸ்கேன் எடுத்துவிட்டு, அந்தப் பழைய படத்தைக் கேட்டுச் சீட்டு வந்தது. அவளுடைய ஜிப்பைத் திறந்தேன். நன்றாக இருந்தது. பத்தில் அந்த மூன்றில் ஒன்று. படங்கள் தற்காலிகக் கோப்புறையில் விரிந்தன. மூன்றாவது டிக்கின்படி ஜிப் அழிந்தது. படங்களை டாக்டருக்கு அனுப்புவதற்குள் சூப்பிரண்டு சார் ஆள் அனுப்பினார். மேலிடத்துக்கு அனுப்பப் புகைப்படம் எடுக்கிறார்கள், ஷீல்டின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க வேண்டும். வெளிச்சம் சரியில்லை என்று நான்கு தடவை எடுத்தார்கள். தற்காலிகக் கோப்புறை மணிக்கொருதரம் தன்னைத்தானே காலிசெய்துகொள்ளும். அதுவும் என் ஏற்பாடுதான். திரும்பி வந்தபோது சுத்தமாக இருந்தது.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியே கையாட்டினாள். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். நான் தேதியை மூன்று வருஷம் பின்னுக்குத் தள்ளினேன்.

“ஒரு மாத்தமும் இல்லையாம்டா,” என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தாள். “நீ மட்டும் இங்க இல்லைன்னா அந்தப் படத்தை எவன் தேடி எடுத்துக் குடுத்திருப்பான்?” நான் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

போன வாரம் இருமலோடு வந்து சேர்ந்தாள். இப்போது மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டில். புதிதாக வந்த டாக்டரம்மா கொஞ்சம் சின்ன வயசு. நான் கொடுத்த பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

“உங்க அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் எப்ப நடந்துச்சு?”

“போன வருஷம் மேடம்.”

“அப்ப உள்ளே போட்ட உலோகக் கிளிப்பு ரெண்டும் மூணு வருஷத்துக்கு முந்தின படத்துல எப்படிங்க உக்காந்திருக்கு?”

நான் பார்த்தேன். படத்தின் கீழ் ஓரத்தில் அரிசி மணியளவு வெள்ளையாக இரண்டு. உண்மையில் வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் துடைக்காமல் விட்டது அந்த இரண்டுதான்.

இன்று காலை நீங்கள் ஐவரும் வந்தீர்கள். காப்பறைக் கதவுக்கு அரக்கு வைத்து, நூல் கட்டி, முத்திரை குத்தினீர்கள். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்த குழுத் தலைவரிடம் டாக்டரம்மா ஓடி வந்து கேட்டதை நானும் அங்கேதான் நின்று கேட்டேன்.

“சார், போன வருஷம் ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த அம்மாவுக்கு வயித்து ஸ்கேன் எடுத்திருக்காங்க. நுரையீரலோட அடிப்பக்கம் அதுல விழுந்திருக்கும். எட்டு மாசத்துக்கு முந்தின படத்துல இவர் கை பட்டிருக்கு, அதை நம்ப முடியாது. புள்ளி எவ்வளவு வேகமா வளருதுன்னு பார்க்க இனி அந்த ஒரு படந்தான் இருக்கு. அதை வச்சுத்தான் என்ன வைத்தியம்னே முடிவு பண்ணணும்.”

“எல்லாம் முறைப்படிதாம்மா நடக்கணும். திங்கக்கிழமை திறப்போம்.”

“கம்ப்யூட்டரையாவது அணைச்சிடலாமா சார்?” என்று உங்களில் ஒருவர் கேட்டார்.

“ஒண்ணையும் தொடக் கூடாது. இருந்தது இருந்தபடி இருக்கணும். அது சாட்சியம்.”

தலைவர் சொன்னது சரிதான் என்று நானும் தலையாட்டினேன்.

அந்த வயிற்று ஸ்கேன் எடுத்து நேற்றோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. ஒரு வருஷம் தாண்டிய படங்கள் நான்கு மணிக்குத் தானாகக் கட்டப்படும், அசல்கள் அழிக்கப்படும். பத்தில் மூன்று ஜிப் நன்றாகவே இருக்கும், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தப் படம் இருந்தால் நான் கொடுத்த படம் பொய் என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்துபோகும் என்ற நினைப்பெல்லாம் எனக்கு வரவே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்போது நான்கடிக்க ஐந்து நிமிடம். வேண்டும் என்றேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இப்போது மணி நான்கு பத்து.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.