நெல் ஊறிய தண்ணீர்

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தடிச் சோதனைச் சாவடி வரிசையில், எனக்கு முன்னால் ஒரு விஞ்ஞான வாத்தியாரும் தம்பலகாமத்து அரிசி ஆலைக்காரரும் நின்றார்கள். வாத்தியாரின் கையில் ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய.

"இந்தக் கழிவுத் தண்ணியில ஐதரசன் வாயு எடுக்கலாம். மண்ணெண்ணெய் இல்லாட்டியும் அடுப்பு எரியும்."

"சேர், எரியும் எண்டு இங்க கதைக்காதேங்கோ. மாட்டுக்கு எண்டு சொல்லுங்கோ."

வாத்தியார் அப்படியே சொன்னார். சிப்பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். புளித்த தண்ணீரை வாத்தியார் மூன்று மிடறு விழுங்கினார். போகவிட்டார்கள். ஆலைக்காரர் கேட்டார்:

"சேர், வயித்துக்கு ஒண்டும் செய்யாதோ?"

"செய்யும். அந்த வாயுவைத் தாறதே இதுக்குள்ள இருக்கிற கிருமியள்தான். கான் தப்பிட்டுது, அது போதும்."