என் தங்கை சொல்லாத பதில்

இந்த மாதர் சங்கக் கூட்டத்தின் தலைவி துஷாந்தினி அவர்களே! தேயிலைக் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே! அன்று ஆஸ்பத்திரியில் என் தங்கை விஜயலெட்சுமியின் கால்மாட்டில் நின்ற அவள் கணவர் மாரிசாமி அவர்களே! பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கம்சலா அவர்களே! தலைமாட்டில் நின்று டாக்டரோடு பேசிய மாரிசாமியின் அக்காள் மகன் ஜெயகுமார் அவர்களே! அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் வணக்கம்.

நோயாளியின் உரிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். படித்துப் பேச எனக்குத் தெரியாது, பார்த்ததைப் பேசுகிறேன்.

நம் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் ஒரு வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவோம். அவர் டாக்டரைப் பார்ப்பார். நாம் அவர் முகத்தைப் பார்ப்போம். ஜெயகுமார் வெலிமடை டவுனில் மரக்கறி வியாபாரம் செய்பவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

டாக்டர் நெடுநேரம் பேசினார். தங்கை கேட்டாள்: "என்னய்யா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல அத்தை, வயித்துப் புண்ணு. மாத்திரையில ஆறிரும். புதுப்பொண்ணு மாதிரி எந்திரிச்சு வருவீங்க."

"போடா! இருக்கிற மாப்பிள்ளையோட படுற பாடே போதும்!"

எல்லோரும் சிரித்தோம். ஜெயகுமார் டாக்டரிடம் திரும்பி ஏதோ சொன்னார். டாக்டர் தலையசைத்துப் போய்விட்டார்.

தங்கையை அடக்கம் செய்த பிறகு, சிங்களம் தெரிந்த கம்சலா வந்து அழுதாள். "டாக்டரு கர்ப்பப்பையில புற்றுநோயின்னாரு அக்கா. ஆபரேஷன் செஞ்சா பொழைக்கலாம், மேசையிலேயே உசுரு போனாலும் போகலாம், அவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாரு. இவரு, 'அத்தைக்கு விருப்பமில்ல'ன்னுட்டாரு. குடும்பமா பேசி முடிவெடுத்தீங்கன்னு நெனச்சேன்."

யார் முடிவெடுத்தது? யாரிடம் கேட்டது? யாருடைய உடம்பு? யாருடைய உயிர்?

என்ன ஜெயகுமார், எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"மேசையில செத்திருந்தா என்னைத்தானே ஏசியிருப்பீங்க, பெரியத்தை!"

ஏசியிருப்பேன்! இந்த மலையே கேட்க ஏசியிருப்பேன்! ஆனால் அவள் தன் சம்மதத்தோடு போயிருப்பாள். கத்திக்குப் பயந்து அவளே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லட்டுமே! சொல்ல அவளுக்கு வாய் இல்லையா? வாழ ஆசை இல்லையா? வழி இரண்டு இருப்பதையாவது அவள் அறிந்திருக்க வேண்டாமா?

அங்கே யாரோ, "பாசத்துல செஞ்சது, விடுங்க பெரியம்மா" என்கிறீர்கள். பாசம் பக்கத்தில் நிற்கட்டும், கையைப் பிடிக்கட்டும், கஞ்சி கொடுக்கட்டும். பதில் சொல்ல வேண்டியவள் கட்டிலில் கிடப்பவள்.

தாய்மாரே, இனி எந்த வார்டில் படுத்தாலும் கேளுங்கள்: டாக்டர் என்ன கேட்டார்? நான் சொன்னதாக நீ என்ன சொன்னாய்? புரியும்வரை கேளுங்கள். தமிழ் தெரிந்த தாதி வரும்வரை தலையாட்டாதீர்கள். சாவதானாலும் சொந்த வாயால் பதில் சொல்லிவிட்டுச் சாவோம்!

எந்த நோயானாலும் பெயரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று ஜெயகுமாரிடம் முன்பே சொல்லிவைத்தவர் மாரிசாமி. பயத்தில் சொன்னார், மன்னித்துவிட்டேன். கம்சலா தயங்கிவிட்டாள், அவளையும் மன்னித்துவிட்டேன். டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பேச இடம் தந்த தலைவிக்கும், களைப்போடு அமர்ந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. நலமாக வீடு போய்ச் சேருங்கள்; வணக்கம்.

நான் மன்னிக்காதவர் ஒருவர்தான். ஜெயகுமார்.