குறுக்கே படுக்க வேண்டும்

"ஹலோ... ஹலோ... கேக்குது, கேக்குது, சொல்லுடி. ...மேட்டு மேல ஏறிட்டியா? அங்கதான் சிக்னலா? ...சரி, சரி."

மூக்குக்கண்ணாடிக் கடையில், மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. மறுமுனையில் தங்கை, மலைப்பாதையில் தன்னந்தனியாக. பல நாள் நீளும் அந்த மலை நடைக்கு வருஷக்கணக்காகத் திட்டம் போட்டது அக்காதான். மரங்களுக்கு நடுவே கட்டித் தூங்க அவள் வாங்கி வைத்த தூளியை வீட்டு பால்கனியில், துணிக்கொடி கட்டும் கொக்கியில் மாட்டிப் பழகினாள். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்ததில் கால் உடைந்தது. பையும் தூளியும் தங்கையோடு கிளம்பிப் போய்விட்டன.

"...போட்டோ பார்த்தேன். பார்த்தேன்னு சொல்றேன்ல. ...என் தூளி, என் பை, என் தொப்பி. மூஞ்சி மட்டும்தான் உன்னுது. ...கோவமெல்லாம் இல்ல. வயித்தெரிச்சல். ...ஆமா, சிரி. ...சார், கண்ணாடியில பாருங்க, காது மேல அழுத்துதா? ...உன்னை இல்லடி, கஸ்டமர். ...என்ன, தூக்கமே இல்லையா? ...முதுகு வளைஞ்சு... ம்... கழுத்தும் பிடிச்சுக்குதா... ம்... ம்."

காரணம் அவளுக்குத் தெரியும். தூளியில் நீளவாக்கில் நேராகப் படுத்தால் உடம்பு வளையத்தான் செய்யும். கொஞ்சம் குறுக்கே படுத்தால் துணி தட்டையாக விரிந்துகொடுக்கும். விழுவதற்கு முன்பே இதை அவள் பழகித் தேறியிருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"...அடப் பாவமே. ...நாளைக்கே இறங்கி பஸ் பிடிக்கிறியா? ...வந்துடு. ஆமா, ஆமா, தப்பே இல்ல. உடம்புதான் முக்கியம். ...யாரு கேலி பண்ணப் போறா, நான் பார்த்துக்கறேன். ...பாதி நடந்ததே பெருசுடி."

தங்கையிடம் இவ்வளவு அன்பாகப் பேசி எவ்வளவோ நாளாயிற்று. மனசு குளுகுளுவென்றிருந்தது. மீதிப் பாதையாவது தனக்கென்று மிஞ்சும்.

"...என்ன, அழறியா? ...ஏய். ...யாரு, நானா? ...நான் வந்திருந்தா முடிச்சிருப்பேனா? ...சும்மா ஐஸ் வைக்காத. ...அம்மாகிட்டயும் அதையேவா சொன்ன? எப்போ? ...ம். ...ம்."

திருகாணி விரலிலிருந்து நழுவி எங்கோ உருண்டது. அவள் தேடவில்லை.

"சரி, மூக்கைச் சிந்து. தூளி அந்த மேட்டு மேலயேதான கட்டியிருக்க? ...அதுல ஏறு. ஏறுடி, காரணம் கேக்காத. நேரா படுக்காத. தலை இடது ஓரத்துக்கு, கால் வலது ஓரத்துக்கு. குறுக்கா. ...இன்னும் கொஞ்சம் காலைத் தள்ளு. ...முதுகு நேராச்சா? ...தெரியும். எனக்குத் தெரியும்டி. ...ஏன் முதல்லயே சொல்லலன்னா கேக்குற? எரிச்சல்ல சொல்லல, போதுமா? ...இனிமே பஸ்ஸு கிஸ்ஸுன்னு பாதியில வந்து நின்ன, கதவத் திறக்க மாட்டேன். ...அது கிடக்கட்டும், அண்ணாந்து பார்த்தா என்ன தெரியுது? ...இலையா? ...அப்புறம்? ...ஏய். ...ஹலோ... தூங்கிட்டியா?"

காதில் சீரான மூச்சு மட்டும் வந்தது. பொறாமை ஒரு இம்மியும் குறையவில்லை. காதிலிருந்து போனை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாவி, தூளித் தூக்கம் இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்... உன் போன்ல சார்ஜ் தீர்ந்துடும்டி, வைக்கிறேன்" என்று தூங்குகிறவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவளே இணைப்பைத் துண்டித்தாள்.