குப்பைத்தொட்டியில் கோப்பு வைத்த கண்காணிப்பாளருக்கு

காலந்தவறாக் கண்ணியரே! கையூட்டுக்குக் கைநீட்டாக் கறையற்ற கரத்தினரே! மனுவோடு வந்தவரை மரத்தடியில் காக்கவைக்காத மாண்பாளரே! இன்று பணிநிறைவு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் வயிரவன் அவர்களே, வணக்கம்!

இந்த அடைமொழிகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயிகளின் பயிர் நிவாரண மனுக்களை, மதியச் சாப்பாட்டையும் மறந்து முடித்துக் கொடுத்தவர் நீங்கள். அதனால்தான் எங்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

முடிந்த கோப்பைக் கட்டிப் பதிவறைக்கு அனுப்பியே பழகிய கை உங்களுடையது. கணினியிலும் ஒரு பதிவறை தேடினீர்கள். திரையின் மூலையில் குப்பைத்தொட்டி தெரிந்தது. போட்டால் கண்ணை உறுத்துவதில்லை, கேட்டால் திரும்ப வருகிறது. முடிந்த மனுக்களை எல்லாம் அதிலேயே போட்டு வைத்தீர்கள்.

தொகுப்பூதியத்தில் கணினி இயக்கும் கலைமதி அதைப் பார்த்துப் பதறிப்போனார். ஃபைல் என்பது தாள், ஃபோல்டர் என்பது தாளை வைக்கும் உறை, உறைக்குள் உறையும் வைக்கலாம், தொட்டியில் கிடப்பதற்கு மட்டும் என்றைக்கும் பாதுகாப்பில்லை என்று உங்கள் நாற்காலி அருகே நின்று பொறுமையாகச் சொன்னார். ஊருக்கொரு ஃபோல்டர் போட்டுப் பெயரும் எழுதித் தந்தார். தலையாட்டினீர்கள். மறுநாளும் தொட்டியில்தான் போட்டீர்கள். நேற்று வந்த பெண் சொல்லி நாம் கேட்பதா என்ற வீம்பு, வேறென்ன?

ஆயுத பூஜைக்காகக் கணினியைச் சுத்தம் செய்ய நீங்களே ஒருவரை அழைத்தீர்கள். அவர், யாரும் செய்வதுபோல, தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போனார். அன்று கலைமதி விடுப்பு. மீட்டுப் பார்த்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மேலிடம் விளக்கம் கேட்டது. கலைமதி அழித்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

கலைமதி உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் அழிக்கலைன்னு ஒங்களுக்குத் தெரியும்ல சார்?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். திருமயம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. வேலை போவதைவிட, அத்தனை நேர்மையானவர் தெரிந்தே பொய் எழுதினாரே என்பதுதான் அவரைச் சுட்டது.

நாங்கள் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

"ரிட்டயர் ஆகுற நேரத்துல பென்சன் நின்னுறக் கூடாதுப்பா. அது சின்னப் புள்ள, அங்கிட்டு எங்கயாச்சும் வேலை கெடைச்சிரும்."

மேலிடத்துக்கு நீங்கள் எழுதிய விளக்கத்தால் கலைமதியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நீங்கள் மாலையோடு வீடு திரும்பும் இதே நாளில் அவர் வேலையில்லாமல் வீடு திரும்புகிறார். இதைச் சொல்லாமல் வாழ்த்துப் பா மட்டும் வாசிக்க எங்களுக்கு நா எழவில்லை.

பிணியின்றிப் பேரன் பேத்தியரோடு பல்லாண்டு வாழ்க! மனமார வாழ்த்துகிறோம். ஆனால் அலுவலகம் முடிய இன்னும் நேரமிருக்கிறது. அதுவரை நீங்கள்தான் கண்காணிப்பாளர், உங்கள் கையெழுத்து செல்லும். மேசைமேல் பொன்னாடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திடுங்கள். அதன் பிறகு பொன்னாடை போர்த்துகிறோம்.

இவண்,
கலைமதி உள்ளிட்ட அலுவலக ஊழியர்கள்